நோயற்ற பன்றியின் சீரமும் மஞ்சளாவது ஏன்?

கேள்வி: பன்றிகளில் நாடாப்புழுவின் நீர்க்கட்டி நோயைக் கண்டறியும் எலைசா சோதனைக்காக (புரதம் பூசிய தட்டின் குழியில் சீரத்தை ஊற்றுவோம்; எதிர்ப்பொருள் ஒட்டினால் குழி மஞ்சளாகும்), புழுவின் மரபணுவைச் செருகி ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த மறுசேர்க்கைப் புரதத்தை ஒரு முகவரிடம் வாங்கினோம். 95 சதவீதம் தூய்மை என்று சான்றிதழ் சொல்கிறது. ஆனால் நோயே இல்லாத பண்ணைப் பன்றிகளின் சீரமும் மஞ்சளாகிறது. வேறு புரதம் வாங்க வேண்டுமா?

பதில்: உடனே வாங்க வேண்டாம். முதலில் அந்த மீதி 5 சதவீதத்தைக் கவனியுங்கள். அது பெரும்பாலும் ஈ.கோலையின் சொந்தப் புரதமாகவே இருக்கும். பன்றியின் குடலில் பிறந்த சில மணி நேரத்திலேயே ஈ.கோலை குடியேறிவிடுவதால், நாடாப்புழுவைக் கண்டேயிராத பன்றியின் சீரத்திலும் அதற்கு எதிரான எதிர்ப்பொருள்கள் ஏராளமாக இருக்கும். உங்கள் தட்டில் அவைதான் ஒட்டிக்கொள்கின்றன என்பது என் முதல் சந்தேகம்.

இதைச் சோதிப்பது எளிது. புழுவின் மரபணு செருகப்படாத ஈ.கோலையை வளர்த்து, உடைத்து, அந்தச் சாற்றைப் பக்கத்துக் குழிகளில் பூசுங்கள். அவையும் மஞ்சளானால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. பிறகு அதே சாற்றைச் சீரம் கரைக்கும் திரவத்தில் கலந்து, தட்டில் ஊற்றுவதற்கு முன் சிறிது நேரம் வைத்திருந்தால், தேவையற்ற எதிர்ப்பொருள்கள் அதிலேயே சிக்கிக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய ஏமாற்று, தூய்மையைத் தரம் என்று விற்பதுதான். முகவர் காட்டும் ஜெல் படத்தில், அதாவது புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் படத்தில், ஒரே ஒரு அழகான கோடு தெரியும். அந்த ஜெல்லில் ஓடுவதற்கு முன் புரதத்தைச் சோப்பு போன்ற வேதிப்பொருளோடு கொதிக்க வைத்து, அதன் மடிப்புகளை எல்லாம் பிரித்துவிடுகிறார்கள். ஆகவே புரதம் சரியான வடிவில் மடிந்திருந்ததா என்பதை அந்தப் படத்தால் ஒருபோதும் சொல்ல முடியாது. ஜிபி50, டி24 போன்ற நாடாப்புழுப் புரதங்களைப் பன்றியின் எதிர்ப்பொருள் அடையாளம் காண்பது பெரும்பாலும் வடிவத்தை வைத்துத்தான். அந்த வடிவத்தைப் பிடித்து வைக்கும் கந்தகப் பிணைப்புகள் ஈ.கோலையின் உள்ளே எளிதில் உருவாவதில்லை. புரதம் கரையாத உருண்டைகளாகத் திரண்டுவிடும். அதை, மடிப்பைப் பிரித்துவிடும் யூரியாவில் கரைத்துக் குப்பியில் அடைத்து விற்பவர்கள் உண்டு. ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் பூச்சிச் செல்களில் தயாரித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். வடிவம் கெட்ட புரதத்தால் நேரும் ஆபத்து நேர்மாறானது: மஞ்சளை நீங்கள் சரிசெய்த பிறகு, உண்மையில் நோயுள்ள பன்றி தப்பிவிடும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லோரும் அதில்தான் வழுக்குகிறார்கள். நீங்கள் 'நோயற்றவை' என்று எடுத்த பன்றிகள் பால்குடிக்கும் குட்டிகளா? அப்படியானால் உங்கள் புரதத்தில் குறையே இல்லாமலும் இருக்கலாம். தாய்க்கு நோய் இருந்தால், சீம்பால் வழியே அதன் எதிர்ப்பொருள்கள் குட்டிக்கு வந்து மாதக்கணக்கில் நிற்கும். குட்டியின் உடலில் ஒரு கட்டிகூட இராது, சோதனையோ மஞ்சள் காட்டும். குட்டியை ஒப்பீட்டுக்கு எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாயின் சீரத்தையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டும் மஞ்சளானால் அந்தக் குட்டியை விலக்குங்கள், சில மாதம் கழித்து மீண்டும் இரத்தம் எடுங்கள், அப்போது அளவு இறங்கியிருந்தால் அது தாய் தந்ததே.

கொள்முதல் குழுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று விலைப்புள்ளிகளைக் கேட்டு, குறைந்ததற்குக் கையெழுத்திடுவார்கள். தசையை மெல்லிய துண்டுகளாக அறுத்துக் கட்டிகளை எண்ணிய ஒரு பன்றியின் சீரத்திலாவது இந்தப் புரதம் சோதிக்கப்பட்டதா என்று கேட்க மாட்டார்கள். நீங்கள் கேளுங்கள். கட்டி உறுதியான பன்றிகள், அறுத்துப் பார்த்தும் கட்டி இல்லாதவை, நாயிடமிருந்து தொற்றும் வேறொரு நாடாப்புழுவான டீனியா ஹைடாடிஜீனாவின் கட்டிகளைக் கல்லீரலிலோ குடல் சவ்விலோ சுமந்தவை ஆகிய மூவகைச் சீரங்களிலும் கிடைத்த அளவீடுகளை எழுத்தில் தராத முகவரிடம் அடுத்த குப்பியை வாங்காதீர்கள்.