டெல்லியைச் சுற்றிப் பார்க்க பஸ்ஸா, காரா, கைடா? – கேள்வி பதில்

ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்கு டெல்லியைக் காட்டியே பழகிவிட்டதால், பதில் சொல்ல என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். கேளுங்கள். அதற்கு முன் ஒன்று: திங்கட்கிழமை செங்கோட்டை, அக்ஷர்தாம் கோயில், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம் நான்கும் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை தாஜ் மகால் மூடல்.

திருச்சி வாசகர்: சார், அப்பா அம்மாவோடு வருகிறோம். ஒரே நாளில் எல்லாம் காட்டும் டூரிஸ்ட் பஸ் போதுமா?

நோட்டீஸில் பத்து இடம் போட்டிருப்பார்கள். அதில் ராஷ்டிரபதி பவன், நாடாளுமன்றம் போன்றவை ஜன்னல் வழியாக "இடது பக்கம் பாருங்கள்" கணக்கு. பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கெல்லாம் இறக்கிவிடுவீர்கள்? ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம்? நடுவில் எந்தக் கடையில் நிறுத்துவீர்கள்? மூன்றாவதற்கு மழுப்பினால், மதியம் ஒரு மணி நேரம் கம்பளக் கடையில் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்கள் இருந்தால் கார்தான் என் சிபாரிசு. இங்கே "8 மணி நேரம், 80 கிலோமீட்டர்" என்று ஒரு பேக்கேஜ் உண்டு. அதைத் தாண்டினால் தனிக் காசு. பார்க்கிங் உங்கள் தலையில். காலையில் குதுப் மினார், அப்புறம் ஹுமாயூன் கல்லறை, சாயங்காலம் இந்தியா கேட். குதுப் மினாரில் ஏறலாமா என்று யாரும் கேட்காதீர்கள். 1981ல் நெரிசலில் 45 பேர் இறந்ததிலிருந்து உள்ளே படியேற விடுவதில்லை.

ஈரோடு வாசகி: பழைய டெல்லியில் நடந்தே சுற்றிக் காட்டுகிறார்களாமே, நன்றாக இருக்குமா அண்ணா?

டெல்லியில் கைடுக்குக் கொடுக்கிற காசு வீண் போகாத இடம் அதுதான் அம்மா. சாந்தினி சௌக் கடைத்தெருவின் சந்துகளில் தனியாகப் போனால் கூட்டம்தான் தெரியும். தெரிந்தவர் கூட வந்தால் ஊர் தெரியும். செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திர் ஜைனக் கோயில், அதன் வளாகத்திலேயே பறவைகளுக்கு ஒரு ஆஸ்பத்திரி. புறாவுக்கும் கிளிக்கும் கூண்டுப் படுக்கை உண்டு. கழுகு, பருந்து அசைவமாயிற்றே, அவற்றுக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்களே தவிர, தங்க இடமில்லை! தெருவின் கோடியில் காரி பாவ்லி மசாலாச் சந்தை. மிளகாய் மூட்டை இறங்கும் நேரத்தில் போனால் வாங்குபவர், விற்பவர், மூட்டை சுமப்பவர் எல்லோருமே இருமிக்கொண்டிருப்பார்கள். கர்சீப் அவசியம்.

காலையிலேயே போங்கள். ஞாயிறு வேண்டாம், பாதிக் கடை திறக்காது. பகலில் அந்த மெயின் தெருவில் மோட்டார் வண்டிக்குத் தடை. கால் வலித்தால் சைக்கிள் ரிக்ஷா.

புது டெல்லி ரயில் நிலையத்தை ஒட்டிய பஹார்கஞ்ச் பக்கம், தெருப் பிள்ளைகளுக்கான தொண்டு நிறுவனமான சலாம் பாலக் டிரஸ்ட் நடத்தும் நடைப்பயணமும் உண்டு. முன்பு தெருவில் வாழ்ந்த பிள்ளைகளே வளர்ந்து வழிகாட்டுகிறார்கள். கோட்டை கொத்தளம் எதுவும் வராது, ஆனால் போய் வாருங்கள்.

சேலம் வாசகர்: திங்கட்கிழமை செங்கோட்டை திறந்திருக்குமா?

மேலே முதல் பத்தி.

நாகர்கோவில் வாசகர்: ஆக்ராவுக்கு ஒரு நாள் பஸ் டூர் எப்படி?

விடியற்காலை கிளம்பி, மதுராவும் சேர்த்துப் பார்த்து, நடுராத்திரி திரும்பும் வகை. நான் ரயில் கட்சி. டெல்லி நிஜாமுதீன் ஸ்டேஷனில் காலை கதிமான் எக்ஸ்பிரஸ் பிடித்தால் ஏறக்குறைய 100 நிமிடத்தில் ஆக்ரா. தாஜுக்கு நுழைவு 50 ரூபாய், கல்லறை மண்டபத்துக்குள் போக மேலும் 200. மூன்று மணி நேரம்தான் அனுமதி. கைடு வைத்தால் சுற்றுலாத் துறை அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். "வணக்கம் அண்ணா" என்று தமிழில் கூப்பிடுகிறவரெல்லாம் கைடு அல்ல. வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று மறுபடியும் சொல்லிவிடுகிறேன்.

அதே வாசகர்: தாஜ் கட்டியவர்களின் கையை ஷாஜகான் வெட்டிவிட்டானாமே? போன முறை கைடு சொன்னார்.

ஆரம்பித்துவிட்டீர்களா! அக்காலத்து ஆவணம் எதிலும் அப்படி ஒரு வரி கிடையாது. தாஜ் வேலை 1632ல் தொடங்கி இருபது வருடம் போல நடந்தது. அது நடக்கும்போதே 1639ல் டெல்லியில் செங்கோட்டையை ஆரம்பித்து 1648ல் முடிக்கிறார். 1650ல் ஜாமா மசூதி தொடக்கம். இவ்வளவு கட்ட ஆள் வேண்டியவர் கொத்தனார் கையையா வெட்டுவார்?

தஞ்சாவூர் வாசகர்: சும்மா ஒரு கதைதானே சார், சொல்லிவிட்டுப் போகட்டுமே. சுவாரஸ்யம் வேண்டாமா?

நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். பெரிய கோயில் விமான நிழல் தரையில் விழாது என்று சொல்லும் ஊர்க்காரர்!

தஞ்சாவூர் வாசகர்: விழாதுதானே?

விழும் ஐயா, விழும். சாயங்காலம் போய் நின்று பாருங்கள். அந்த ஒரு புளுகால், இத்தனை உயரத்துக்குக் கல்லை எப்படி ஏற்றினார்கள் என்று கேட்கவே யாருக்கும் தோன்றுவதில்லை.

ஈரோடு வாசகி: அவர் சொல்வது சரி. நானே நிழலை மிதித்திருக்கிறேன்.

நன்றி அம்மா. தாஜிலும் இதே கதைதான். நல்ல கைடு என்றால் டார்ச்சைப் பளிங்கின் மேல் வைத்து, பதித்த சிவப்புக் கல் கனல் மாதிரி ஒளிர்வதைக் காட்டுவார். நான்கு மினாரும் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதைக் காட்டுவார். கை வெட்டிய கதைக்குக் கால் மணி நேரம் போனால் இதெல்லாம் போச்சு. சுவாரஸ்யம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

தஞ்சாவூர் வாசகர்: சரி, யமுனைக்கு அக்கரையில் ஷாஜகான் கட்ட நினைத்தார் என்கிற கறுப்புத் தாஜ்?

அடுத்த கேள்வி.

கோவை வாசகர்: டெல்லியோடு மணாலி பேக்கேஜ்?

மலை நமக்கு ஆகாது. தெரிந்தவரைக் கேளுங்கள்.

மதுரை வாசகி: ஞாயிறு இரவு வந்து இறங்குகிறோம். மறுநாள் செங்கோட்டை, அக்ஷர்தாம்...

அம்மா, மறுநாள் என்ன கிழமை? குதுப், ஹுமாயூன் கல்லறை இரண்டும் திறந்திருக்கும். அன்று அங்கே போங்கள். அக்ஷர்தாம் செவ்வாய்க்குத் தள்ளிவையுங்கள். அங்கே செல்போன், கேமரா, பை எதையும் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் ஒப்படைத்து டோக்கன் வாங்க வேண்டும். பிரிந்து போனால் எங்கே சந்திப்பது என்று போனைக் கொடுக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.