பவர் அதிகமாக இருந்தால்தான் அது நல்ல காரா?

கார்ப் பிரியர்கள் ஏன் எப்போது பார்த்தாலும் ஹார்ஸ்பவரையே பேசுகிறார்கள், பவர் கூடினால்தான் ஓட்டச் சுகமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், இல்லவே இல்லை. ஒரு காரைப் பற்றி நான் முதலில் விசாரிப்பது அதன் எடையைத்தான்.

நான் ஓட்டிப் பழகியது பவர் ஸ்டீயரிங்கூட இல்லாத ஒரு பழைய சின்ன கார். பார்க்கிங்கில் திருப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ஆனால் கொஞ்சம் வேகமெடுத்ததும் அந்த ஸ்டீயரிங் பேச ஆரம்பித்துவிடும். ஈரச் சாலையில் முன் டயர்களின் பிடி தளரத் தொடங்கினால் ஸ்டீயரிங் சட்டென்று லேசாகும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். பிறகு அதைப்போல மூன்று மடங்கு பவர் உள்ள கார்களையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். வேகம் கிடைத்தது, அந்தப் பேச்சு கிடைக்கவில்லை.

பவர் எடையை மறைப்பது நேர் சாலையில் மட்டும்தான். பிரேக் மிதிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் சுமை முழுவதும் நான்கு டயர்களின் தலையில்தான் விழுகிறது. ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு, அவ்வளவுதான். எடை ஒன்றரை மடங்கானால், அதே வேகத்திலிருந்து நிறுத்த பிரேக் ஒன்றரை மடங்கு சக்தியை வெப்பமாக்கியாக வேண்டும். அதற்காகப் பெரிய பிரேக் டிஸ்க், அதை அடக்கப் பெரிய வீல், அதற்கு அகலமான டயர், இதையெல்லாம் தாங்க இறுக்கமான ஸ்பிரிங். வட்டி குட்டி போடுவதைப்போல எடையும் குட்டி போடும்.

1976-இல் ஃபோக்ஸ்வாகன் கொண்டுவந்த முதல் கோல்ஃப் ஜிடிஐ காரின் பவர் வெறும் 110 ஹார்ஸ்பவர். இன்று சாதாரணக் குடும்பக் காரிலேயே அதைவிட அதிகம் வருகிறது. ஆனால் அதன் எடை 800 கிலோவை ஒட்டித்தான் இருந்தது. சின்ன உடம்போடு சுறுசுறுப்பாக ஓடும் கார்களுக்கு இன்றும் அதைத்தான் முன்மாதிரியாகச் சொல்கிறார்கள். 1989-இல் மாஸ்டா கொண்டுவந்த மியாட்டாவும் அப்படித்தான்: 1.6 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைவான எடை, பின் சக்கர ஓட்டம். நேர் சாலையில் அதை முந்த எத்தனையோ கார்கள் உண்டு, வளைவுகள் தொடங்கியதும்தான் அதன் அருமை தெரியும். அதற்கும் முன்னால், 1959-இல் வடிவமைப்பாளர் அலெக் இஸிகோனிஸ் மினி என்ற சின்ன காரில் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, சக்கரங்களை நான்கு மூலைக்கும் தள்ளிவிட்டார். மூன்று மீட்டர் நீளத்தில் நாலு பேர் உட்கார இடம் பண்ணத்தான் இந்த ஏற்பாடு. அதே கார் 1964, 1965, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலி பந்தயத்தை ஜெயித்தது! பனி மூடிய மலைப்பாதைகளில், தன்னைவிடப் பெரிய எஞ்சின்களை முந்தி. இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிக்காது.

சூப்பர் கார்களிலும் என் மனம் மெக்லாரன் எஃப்1 பக்கம்தான். 1138 கிலோ, 627 ஹார்ஸ்பவர், டர்போ கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது. 1998-இல் மணிக்கு 386 கிலோமீட்டர் தொட்டது. 1001 ஹார்ஸ்பவரோடு 2005-இல் வந்த புகாட்டி வேய்ரான் அதைவிட வேகம்தான், பொறியியலில் பிரமாதம்தான். ஆனால் 1900 கிலோவை நெருங்கும் காரை என்னால் மதிக்க முடிகிறதே தவிர, அதன்மேல் ஆசை வரவில்லை.

இன்றைய கார்கள் எடை கூடியதற்கு நியாயமான காரணமும் உண்டு. ஏர்பேக், மோதலில் நசுங்கி உயிரைக் காக்கும் முன்பகுதி, கதவுக்குள் இரும்புத் தண்டு இதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன். எலெக்ட்ரிக் காரின் பேட்டரி எடையும் அப்படியே. மிதித்த நொடியில் வரும் இழுவை எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

எனக்குக் கோபம் வருவது அழகுக்காக ஏற்றும் எடையைப் பார்க்கும்போதுதான். முக்கியமாகப் பெரிய அலாய் வீல். சஸ்பென்ஷனுக்குக் கீழே கூடும் ஒவ்வொரு கிலோவும் சக்கரம் சாலையோடு ஒட்டி ஓடுவதைக் கெடுக்கிறது. டயரின் பக்கச்சுவர் மெலிந்து, குழியின் அடி நேராக முதுகுக்கு வருகிறது. சைலன்சரைக் கழற்றிவிட்டு அலறவிடுவதும் எனக்கு ஆகாது. அதனால் கார் வேகமாவதில்லை, தெருவில் தூங்கும் குழந்தைதான் எழுந்து அழும். அந்தக் காசில் நல்ல டயர் நான்கு போடுங்கள், பிரேக் ஆயிலை மாற்றுங்கள். கார் புதிதாய்ப் பிறந்த மாதிரி இருக்கும்.

மேனுவல் கியர்தான் கெத்து என்று ஆட்டோமேட்டிக் ஓட்டுபவர்களை மட்டம் தட்டுவதும் வேண்டாம். எனக்கு மேனுவல்தான் உயிர், ஆனாலும் நல்ல டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்னைவிட வேகமாகக் கியர் மாற்றுகிறது என்பது உண்மை.

கார் வாங்கத்தான் இதைக் கேட்டீர்கள் என்றால், டெஸ்ட் டிரைவில் பாட்டை அணைத்துவிட்டு, வளைவுகள் உள்ள சாலைக்குப் போங்கள். வேக வரம்புக்குள்ளேயே ஓட்டினால் போதும். முன் சக்கரங்கள் என்ன செய்கின்றன என்று உங்கள் கைக்குத் தெரிகிறதா? தெரிந்தால், பவர் எத்தனை என்று விற்பவரிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.