ரோலிங் ஸ்டோன்ஸ் நாக்குச் சின்னம் ஆண்டி வார்ஹால் வரைந்ததா? அது காளியின் நாக்கா?

பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் அந்தச் சிவப்பு நாக்கை அமெரிக்க ஓவியர் வார்ஹால் வரையவில்லை. எத்தனை முறை சொன்னாலும் ஃபார்வர்டுகளில் அவர் பெயர்தான் ஓடுகிறது. வரைந்தவர் ஜான் பாஷ், அப்போது லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் மாணவர். 1970இல் குழுவின் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்துக்குப் போஸ்டர் செய்து கொடுத்தார். அந்த ஏப்ரலிலேயே குழுவின் அலுவலகம் அவருக்கு ஒரு கடிதம் போட்டது: லெட்டர்பேப்பரிலும் நிகழ்ச்சிக் கையேட்டின் அட்டையிலும் போட ஒரு சின்னம் வேண்டும். கூலி 50 பவுண்டு. 1972இல் மேற்கொண்டு 200 பவுண்டு கொடுத்தார்கள்.

வார்ஹால் பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், 1971 ஏப்ரலில் வந்த 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' ஆல்பம். நாக்குச் சின்னம் முதலில் வெளியே வந்தது அதில்தான். அதன் அட்டையில் ஜீன்ஸ் படத்தின் மேல் நிஜ ஜிப் வைக்கும் யோசனை வார்ஹாலுடையது. ஒரே ஆல்பம் என்பதால் இரண்டையும் ஒருவர் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள். அந்த ஜிப்பும் சும்மா இருக்கவில்லை. பெட்டியில் அடுக்கி அனுப்பியபோது அதன் பிடி அடுத்த ரெக்கார்டில் அழுந்தி, இரண்டாம் பக்கத்தில் 'சிஸ்டர் மார்ஃபின்' பாட்டு இருந்த இடத்தைக் கெடுத்தது. ஜிப்பைப் பாதி வரை இறக்கிவிட்டுப் பேக் செய்தார்கள். பிடி நடு லேபிளின் மேல் விழுந்தது, பாட்டு தப்பியது. அட்டையைத் தயாரித்த கிரெய்க் பிரௌன் சொன்ன வழி இது.

இனி காளி. குழுவின் பாடகர் மிக் ஜாகர் ஒரு கடையில் பார்த்த காலண்டரிலிருந்து காளி படத்தை எடுத்து பாஷிடம் காட்டியது உண்மை. பாஷே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்போது இங்கிலாந்தில் இந்தியச் சாயல் எதுவானாலும் மோகம். ஜாகரின் ஆசையும் அந்தப் பக்கம்தான் இருந்தது. பாஷ் அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டது வாயையும் நீட்டிய நாக்கையும் மட்டும். கபால மாலை இல்லை, கண் இல்லை, ஆயுதம் இல்லை. பொருளும் வேறு. காளியின் நாக்குக்கு ரக்தபீஜனின் ரத்தம் தரையில் விழாமல் குடித்த கதை உண்டு. சிவன் மேல் கால் பட்டதும் நாணி நாக்கை நீட்டினாள் என்ற கதையும் உண்டு. பாஷ் வரைந்தது சின்னப் பிள்ளை பெரியவர்களுக்கு நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டுவதை. அதிகாரத்துக்கு அடங்காத திமிரும் கொஞ்சம் காமமும் அதில் உண்டு. உதடு ஜாகருடையதா என்றால், அதை நினைத்துத் தொடங்கவில்லை, தன்னை அறியாமல் வந்திருக்கலாம் என்பது பாஷின் பதில். "அம்மனை இழிவுபடுத்திவிட்டான்" என்று யாராவது கீழே எழுதுவீர்கள், தெரியும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேட்டவர் டி-ஷர்ட்டில் அடிக்கத்தான் விசாரிக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். லெட்டர்பேப்பரில் சின்னதாக வர வேண்டிய படம் என்பதால் பாஷ் நிழல், சாயல் எதுவும் வைக்கவில்லை. தட்டையான சிவப்பு, கருப்பு, வெள்ளை, அவ்வளவுதான். ஆல்பத்தின் அமெரிக்கப் பதிப்புக்காக பிரௌனுக்கு ஃபேக்ஸில் போனது தபால்தலை அளவுப் படம். ஓரமெல்லாம் உதிர்ந்திருந்ததைப் பெரிதாக்கி, மறுபடி கோடு இழுத்துச் சரிசெய்தார்கள். அதனால் அமெரிக்க நாக்குக்கும் பிரிட்டிஷ் நாக்குக்கும் வித்தியாசம் உண்டு. இணையத்தில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. எதை எடுப்பது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

உற்றுப் பார்த்தால் உதடும் நாக்கும் ஒரே சிவப்பு. நடுவில் பிரிப்பது ஒரு கருப்புக் கோடுதான். மென்பொருளே தானாகக் கோடு இழுக்கும் ஆட்டோ டிரேஸ் போட்டால் முதலில் மெலிவது அந்தக் கோடு. அது போனால் நாக்கு உதட்டோடு ஒட்டி, வெறும் சிவப்புப் பிண்டமாகிவிடும். வரைகலை மென்பொருளின் பென் டூலில் கையால் இழுங்கள். மூன்று அங்குலத்துக்குக் கீழே சின்னதாக்கினால் கோட்டைக் கொஞ்சம் தடிக்கச் செய்யுங்கள்.

அடுத்த தப்பு பல்லில் நடக்கும். பின்னணி நீக்கிய ஃபைல்களில் பல்லும் உதட்டின் பளபளப்பும் வெள்ளையாக இருக்காது, ஓட்டையாக இருக்கும். வெள்ளைத் துணியில் தெரியாது. கருப்புத் துணியில் அடித்தால் பல்லெல்லாம் கருப்பு. கருப்புத் துணிக்கு வெள்ளையைத் தனி ஸ்கிரீனாக (ஒரு நிறத்தை அடிக்கும் வலைச் சட்டம்) எடுங்கள். பல், பளபளப்பு, சிவப்பின் அடி மூன்றும் அந்த ஒரே ஸ்கிரீனில் வரும். அடியில் வெள்ளைப் பூச்சு (அண்டர்பேஸ்) இல்லாத சிவப்பு காய்ந்ததும் மெரூனாக மங்கும். சிவப்பின் கீழே வரும் வெள்ளையை ஓரத்தில் அரை மில்லிமீட்டர் சுருக்குங்கள், இல்லையென்றால் சிவப்பைச் சுற்றி வெள்ளை எட்டிப் பார்க்கும். வெள்ளைக்கு 110 மெஷ் (வலையில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்ற கணக்கு), அதைச் சூடு காட்டி லேசாக இறுக்கிவிட்டு (ஃப்ளாஷ்) சிவப்புக்கு 160 மெஷ் போதும். கருப்பு அடிக்கவே வேண்டாம், துணியே கருப்பு. வெள்ளைத் துணி என்றால் சிவப்பு முதலில், கருப்பு கடைசியில். கருப்பு சிவப்பின் மேல் அரை மில்லிமீட்டர் ஏறட்டும், நிறத்துக்கு நிறம் பொருந்தும் இடம் (ரெஜிஸ்ட்ரேஷன்) லேசாக நகர்ந்தாலும் இடைவெளி தெரியாது. சூட்டில் இறுகும் பிளாஸ்டிசால் இங்க் 160 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும், மேல்பகுதி மட்டுமல்ல, அடிவரை. அரைகுறையாக வெந்தால் முதல் துவைப்பிலேயே வெடிக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தை அனுப்பி "அப்படியே அச்சு அசலா வேணும்" என்று கேட்பவர்கள், மறுபடி வரைவதற்குக் காசு என்றதும் முகம் சுளிக்கிறார்கள். வரைவதும் வேலைதான். பாஷின் மூலப் படத்தை 2008இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் சிகாகோ ஏலத்தில் வாங்கியது, 92,500 டாலருக்கு. 50 பவுண்டுக்கு வரைந்தது அது.

ஒன்றிரண்டு உங்களுக்காக என்றால் சரி. கடையில் விற்க என்றால் அது பதிவு செய்த வணிகச் சின்னம், உரிமம் வாங்காமல் ஸ்கிரீனுக்கான ஃபிலிம்கூட எடுக்காதீர்கள்.