அடிவாரத்தில் வந்த அழுகை பக்தியா, மயக்கமா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு 43 வயது. கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறேன். மகனின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் பினாங்கு தண்ணீர்மலை முருகனுக்குப் பால் எடுத்து 513 படியும் ஏறுகிறேன் என்று நேர்ந்திருந்தேன். ஒரு வாரம் சைவ விரதம் இருந்தேன். மூன்று வாரத்துக்கு முன் விடியற்காலையில் கணவர், மாமியார், பிள்ளைகள் இருவர் என எல்லாரும் காரில் கிளம்பினோம்.

தாப்பா ஓய்விடத்தில் பசியாறினோம். நெத்திலி வேண்டாம் என்று சொல்லித்தான் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) வாங்கினேன். பாதி சாப்பிட்ட பிறகுதான் சம்பாலில் பெலாச்சான் (இறால் விழுது) இருப்பது தெரிந்தது. ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்குள் போகும்போது வாந்தி ஆரம்பித்தது, பிறகு வயிற்றுப்போக்கு. சுங்கை பேராக் ஓய்விடத்தில் ஒன்றரை மணி நேரம் கழிப்பறையிலேயே இருந்தேன். நான்காம் படிவம் படிக்கும் மகள், நான் அசிங்கப்படுத்திய கார் விரிப்பைக் கழுவினாள். கழிப்பறையைச் சுத்தம் செய்யும் மலாய் அம்மா ஒருவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, சுடுதண்ணீர் கொடுத்தார். மாமியார் முதுகைத் தடவிக்கொண்டே, "விரதம் முறிஞ்சிருச்சு, முருகன் தண்டிச்சிட்டான்" என்றார்.

பட்டர்வொர்த்தில் ஊசி போட்டு, மாலையில் கோயிலுக்குப் போனோம். என்னால் ஏற முடியவில்லை. பாற்செம்பை மகள் எடுத்துப்போனாள். அடிவாரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யாரோ என்னைத் தாங்கிப் பிடித்திருப்பதுபோல் ஒரு நிம்மதி. இத்தனை வருடம் கும்பிட்டும் அப்படி ஒன்றை உணர்ந்ததில்லை.

வீடு திரும்பியதும் அது போய்விட்டது. இப்போது இருப்பது வெட்கம் மட்டும்தான். மகளைப் பார்த்தாலே "மன்னிச்சிடும்மா" என்கிறேன். அவள் உதவ வந்தால் எரிந்து விழுகிறேன். நான் தண்டிக்கப்பட்டேனா? அந்த நிம்மதி வெறும் மயக்கமா? நன்றி ஏன் இப்படிக் கசக்கிறது?

பெயர் வேண்டாம், செந்தூல்

அன்புள்ள சகோதரிக்கு,

தண்டனையைப் பற்றிய கேள்விக்கு முதலில் வருகிறேன். அது மனதில் இருக்கும்வரை மற்ற எதுவும் உள்ளே இறங்காது. சமைத்த சோறு வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் கிடந்தால், வேகும்போது சாகாத நுண்ணுயிர் வித்துகள் அதில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. அப்படிப்பட்ட சோறு சாப்பிட்டால் 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரும். வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரஸ் என்றால் தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் வரும், அதாவது கிளம்புவதற்கு முன்பே உங்கள் உடம்புக்குள் இருந்திருக்கலாம். இரண்டில் எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் இரண்டுமே விரதம் இருந்தவரையும் இராதவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பெலாச்சானும் நீங்கள் கேட்டு வாங்கியதல்ல.

மாமியாரிடம் நுண்ணுயிர்க் கணக்கு எடுபடாமல் போகலாம். அவர் மதிக்கும் இடத்திலிருந்தே பேசுங்கள். அப்பர் பெருமானுக்குச் சூலை நோயைக் கொடுத்ததே சிவன்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. தண்டிக்கவா கொடுத்தார்? ஆட்கொள்ளக் கொடுத்தார். அதோடு, திருவதிகையில் அவர் பாடிய முதல் பதிகம் நன்றியோடு தொடங்கவில்லை. குடலை முறுக்குகிறது, பொறுக்க முடியவில்லை, நான் செய்த கொடுமை எதுவென்று எனக்கே தெரியவில்லை என்ற முறையீட்டோடுதான் தொடங்குகிறது. அந்த நோயில் அவர் தேடிப்போனது அக்கா திலகவதியாரை. நம் மரபில் வலியைச் சொல்லி அழுவது பக்திக்குள் அடங்கியது. உங்களுக்கும் அந்த உரிமை உண்டு.

இனி அந்த நிம்மதி. வாந்தி நின்று, ஊசி வேலை செய்து, ஆபத்து விலகியதென்று உடம்புக்குத் தெரியும்போது, இறுகிக் கிடந்த தசைகளும் மூச்சும் தளரும். அந்த நேரத்தில் அழுகை வருவது இயல்பு. அதற்குமேல் இன்னொன்றும் நடந்தது. மகனின் அறுவை சிகிச்சை முடியும்வரை வீட்டையே தாங்கிக்கொண்டிருந்த நீங்கள், அன்று ஒருநாள் சுமையை இறக்கி வைத்தீர்கள். செம்புகூட உங்கள் கையில் இல்லை. உடம்பில் நடந்தது என்பதாலேயே அது பொய்யாகிவிடாது. தாய்ப்பாசமும் உடம்பில்தான் நடக்கிறது. அதை அருள் என்று நீங்கள் சொன்னால் மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

நீங்கள் செய்யக்கூடாதது, அந்த உணர்ச்சி திரும்ப வருகிறதா என்று தினமும் சோதிப்பது. தூக்கம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருந்தால் தூக்கம் வராது, அதுபோலத்தான் இதுவும். விளக்கேற்றிய பின் ஐந்து நிமிடம் தரையில் உட்காருங்கள், சுவரில் சாய்ந்துகொள்ளலாம். எதையும் கேட்க வேண்டாம், மந்திரத்தை எண்ணவும் வேண்டாம். அன்று அடிவாரத்தில் நீங்கள் செய்ததும் அவ்வளவுதான். எதுவும் உணராமல் எழுந்தால் அந்த நாளும் சரியான நாளே.

நன்றி ஏன் கசக்கிறது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். 'நன்றிக்கடன்' என்று சேர்த்தே பேசிப் பேசி, நன்றி என்றாலே திருப்பிக் கொடுக்க வேண்டிய பாக்கி என்று நமக்கு ஆகிவிட்டது. நீங்கள் பெற்றவர், அவள் மகள். வரவு எதிர்த்திசையில் வந்ததும் கணக்கு தலைகீழாகிவிட்டதென்று மனம் பதறுகிறது. உதவ வரும்போதெல்லாம் பாக்கி கூடுவதாகத் தோன்றுவதால்தான் அவளிடம் எரிந்து விழுகிறீர்கள். வள்ளுவர் வைத்த தலைப்பைப் பாருங்கள்: செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்பது அவர்கள் செய்த நன்மை. நம் பங்கு அதை அறிதல். தீர்ப்பது என்று அவர் தலைப்பு வைக்கவில்லை.

அறிவதற்கு விவரம் வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். வாரத்தில் ஒரு நாள், 15 நிமிடம், ஒரே ஒருவரைப் பற்றி எழுதுங்கள். அவர் என்ன செய்தார், அதற்காக எதைப் பொறுத்துக்கொண்டார், செய்யாமல் விட்டிருக்க முடியுமா என்ற மூன்றும் வர வேண்டும். "மகள் கவனித்துக்கொண்டாள்" என்று எழுதினால் மனம் அசையாது. விரிப்பை எங்கே வைத்துக் கழுவினாள், எத்தனை முறை, அந்த நாற்றத்தில் அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். மலாய் அம்மாவில் தொடங்குவது எளிது, அவரிடம் உங்களுக்குப் பழைய கணக்கு எதுவும் இல்லை. இரண்டாம் வாரம் மகள், பிறகு கணவர். மாமியாரைக் கடைசியாக வையுங்கள். முதுகைத் தடவிய கையை ஒரு வரியிலும், சொன்ன சொல்லை அடுத்த வரியிலும் எழுதலாம், ஒன்று மற்றதை அழிக்க வேண்டியதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் எம்மன்ஸும் மெக்கல்லோவும் நன்றியுணர்வு பற்றி 2003-இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்றும் இப்படி வாராந்தரம் எழுதுவதுதான். தினமும் எழுதினால் பலருக்கு அது வீட்டுப்பாடம்போல் சலித்துவிடுகிறது. "என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர்" என்ற வரி வந்தால் அடித்துவிடுங்கள், அது வெட்கத்தைத்தான் வளர்க்கும்.

எழுதியதில் ஒரு வாக்கியத்தை மகளிடம் சொல்லுங்கள். காரில் போகும்போது சொல்வது நல்லது, இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பதால் கூச்சம் குறையும். "மன்னிச்சிடு" வாயில் வந்தால் அந்த இடத்தில் "நீ செஞ்சது எனக்குத் தெரியும்மா" என்று மாற்றுங்கள். அவள் "அதெல்லாம் ஒண்ணுமில்லைம்மா" என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

நேர்த்தி முறிந்ததாக நினைக்காதீர்கள். பால் மேலே போய்ச் சேர்ந்தது. படி பாக்கி என்று மனம் உறுத்தினால், உடம்பு தேறிய பிறகு ஒரு நாள் நிதானமாக ஏறலாம். ஆனால் தண்டனை பயம் தணிந்த பிறகு போங்கள், பயத்தோடு ஏறினால் அந்தப் பயம்தான் உறுதிப்படும். தண்டனை நினைப்பு இன்னும் இரண்டு வாரம் நீடித்தாலோ, தூக்கம் கெட்டாலோ, பரிகாரம் திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றினாலோ நேரில் ஒரு ஆலோசகரைப் பாருங்கள். மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555.

அடுத்த பயணத்துக்குக் காரில் ஓ.ஆர்.எஸ். (உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் தூள்) பாக்கெட் நாலைந்து வையுங்கள். இல்லாவிட்டால் 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. வாந்தி எடுத்தபின் பத்து நிமிடம் விட்டு, சில நிமிடத்துக்கு ஒரு மடக்காகக் குடிக்க வேண்டும். தாகத்தில் மடமடவென்று குடித்தால் திரும்ப வெளியே வந்துவிடும். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், எழுந்தால் தலைசுற்றல், பல மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் கோயிலுக்கு முன் மருத்துவமனை.