வாசகர் கேள்வி - பதில்: இடிந்த ஊரை எங்கே கட்டுவது?

கேள்வி: நிலநடுக்கத்தில் ஒரு ஊரே இடிந்துபோனால், அரசே வேறோர் இடத்தில் ஒப்பந்தக்காரர்களை வைத்து வரிசையாக வீடுகள் கட்டிக் கொடுத்துவிடலாமே, ஏன் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது? நம் பக்கத்தில் இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டுமா?
- ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டிருக்கிறது. ஆகவே கொஞ்சம் கவலைப்படுவதில் தவறில்லை.

நீங்கள் சொல்லும் வழியை மகாராஷ்டிரத்தில் செய்தே பார்த்தார்கள். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் கில்லாரி வட்டாரம் அதிர்ந்தபோது, மண்சாந்து வைத்துக் கட்டிய பருமனான கருங்கல் சுவர்களும் அவற்றின் மேலிருந்த கனத்த மண்கூரைகளும் உறங்கியவர்கள் மீதே சரிந்ததால், ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தனர். பின்னர் 52 கிராமங்களை முழுமையாக இடம் மாற்றி, குடும்பத்தின் நில அளவைப் பார்த்து 250, 400, 750 சதுர அடி வீடுகள் என்று வகுத்து, நகரத்து மனைப்பிரிவு போல நேர்த்தெருக்களில் கட்டினார்கள். வீடு உறுதியாகத்தான் இருந்தது; ஆனால் மாடு கட்டவும் ஏர்க்கருவிகள் வைக்கவும் இடமில்லை என்ற மனக்குறை எழுந்தது. கட்டுத்தரையும் களமும் தட்டுப்போரும் இல்லாத ஒன்றை நம் தோட்டத்துக்காரர் யாராவது வீடு என்று ஒப்புக்கொள்வாரா?

2001 ஜனவரி 26 அன்று கட்ச் பகுதியை உலுக்கிய 7.7 அளவு நிலநடுக்கத்துக்குப் பிறகு, அங்குள்ள பெரும்பாலான கிராமத்தார் இடம் மாற மறுத்தார்கள். குஜராத் அரசும் வீட்டை அவரவரே கட்டிக்கொள்ளும்படி பணத்தை உரியவரின் வங்கிக் கணக்கில் தவணைகளாகச் செலுத்தி, ஒவ்வொரு கட்டத்தையும் பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த தவணை என்று வைத்துக்கொண்டது. இந்த ஏற்பாட்டில் தாமதம் உண்டு. அடித்தளம், லிண்டல், கூரை ஆகிய மூன்று மட்டங்களிலும் கம்பி வைத்து பெல்ட் காங்கிரீட் (சுவர்களைச் சுற்றி ஒன்றாகப் பிணைக்கும் பட்டை) போட்டிருக்கிறார்களா என்று நேரில் பார்க்க வேண்டும். பூசி மறைத்துவிட்டால் எவருக்கும் தெரியாது. ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பும்போது கொத்தனார் கிடைப்பது அரிது, மணல் விலையும் ஏறிவிடும். இந்தத் தாமதத்தை நான் குறையாகக் கருதவில்லை. அவசரமாகக் கட்டி அடுத்த அதிர்வில் மறுபடி இடிவதைவிட ஓராண்டு தகரக் கொட்டகையில் இருப்பது மேல். (அந்தத் தகரத்துக்கடியில் சித்திரை வெயிலைக் கழிப்பவர் என்னோடு சண்டைக்கு வரக்கூடும் என்பதும் தெரியும்.)

நான் குறையாகக் கருதுவது காகிதத்தைத்தான். 2015 நிலநடுக்கத்துக்குப் பின் நேபாளத்தில் வீட்டுக்கு மூன்று லட்சம் நேபாள ரூபாய் உதவி மூன்று தவணைகளாக அறிவிக்கப்பட்டபோதும், நில உரிமைச் சான்று இல்லாதவர்கள் அதைப் பெற அலைந்தார்கள். நம் ஊர்களிலும் பாட்டன் பெயரில் பட்டா இருக்க, நான்கு பங்காளிகள் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டு குடியிருக்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. சுவர் இடிந்த பிறகு அந்த நால்வரில் யாருக்குத் தவணை என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் போய் நிற்பதைவிட, இப்போதே பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து, பட்டாவையும் அவரவர் பெயருக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.