இசை அமைக்கவும் பாட்டுக் கேட்கவும் ஒரே ஹெட்ஃபோன் போதுமா?

வீட்டில் இசை அமைக்கவும் அன்றாடம் பாட்டுக் கேட்கவும் ஒன்றே வேண்டும், மணிக்கணக்கில் மாட்டியிருந்தாலும் காது வலிக்கக் கூடாது என்கிறீர்கள். தாராளமாகக் கிடைக்கும். ஆனால் மாடலைத் தேடுமுன் உங்கள் அறையைப் பாருங்கள்.

அறை அமைதியானது என்றால் பின்புறம் திறந்த வகைதான் என் தேர்வு. ஒலி விரிந்து கேட்கும், காதும் புழுங்காது. 1997இல் வந்த சென்ஹைசர் எச்.டி. 600 இன்றும் பலருக்கு அளவுகோல். அதன் மின்தடை 300 ஓம் என்பதால் கைபேசியில் நேரடியாகச் செருகினால் சத்தம் போதாமல் போகலாம். மைக்கையும் ஹெட்ஃபோனையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் இருப்பது நல்லது. மைக் முன் பாடிப் பதிவு செய்பவருக்கு இது ஆகாது, ஒலி கசிந்து பதிவில் ஏறிவிடும். அவர்களுக்கு 63 ஓம் கொண்ட சோனி எம்.டி.ஆர். 7506 போன்ற மூடிய வகை.

எதையும் கூட்டாமல் குறைக்காமல் தரும் நடுநிலையான ஒலி ஏன் வேண்டும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் முதலில் வாங்கியது பாஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, தூக்கிக் கொடுக்கும் ரகம். கிக் டிரம் அதிகமாக இருக்கிறதே என்று குறைத்துக்கொண்டே வந்தேன். மறுநாள் காரில் போட்டால் பாட்டு சோகை பிடித்ததுபோல் ஒலித்தது!

மூக்குக்கண்ணாடி அணிபவரா? மூடிய வகையில் கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிவிடும். அந்த இடுக்கு வழியாகப் பாஸ் கசியும். எனவே கண்ணாடியோடே, நன்கு பழகிய பாட்டு ஒன்றை அரை மணி நேரம் கேட்டுப் பாருங்கள். நடுநிலையான ஒலி முதல் ஐந்து நிமிடம் சப்பென்று தோன்றினால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள்.