கன்று வீசிய மாடும் அண்ணனின் காதும்

கேள்வி: மாடு வளர்க்கும் என் அண்ணனுக்கு மூன்று மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், இடுப்பு வலி. இப்போது தலைவலியோடு காதும் மந்தம். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்ற மருத்துவர், மாடு கன்று வீசியதா, அதாவது கரு கலைந்ததா என்றும் கேட்டார். என்ன சம்பந்தம்?
– வாசகி, தாராபுரம்

பதில்: நல்ல மருத்துவர், விடாதீர்கள்! கன்று வீச்சு நோய்க் கிருமியான புருசெல்லாவை அவர் சந்தேகிக்கிறார். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்தாலோ, பச்சைப் பால் குடித்தாலோ தொற்றும். அபூர்வமாக மூளை உறையையும் காது நரம்பையும் தாக்கும். என்னிடம் வந்த ஒரு பால்காரர், காது மெஷின் வாங்கிய பிறகுதான் காய்ச்சலைப் பற்றியே வாய் திறந்தார். தண்டுவட நீரைப் பார்த்தால்தான் தெளிவு கிடைக்கும். உறுதியானால் டாக்சிசைக்ளின், ரிஃபாம்பிசின் என்று மருந்து மாதக்கணக்கில் போகும். காய்ச்சல் விட்டதும் அண்ணன் நிறுத்திவிடுவார், நீங்கள்தான் பிடித்து உட்கார வைக்க வேண்டும். அப்புறம், மற்ற மாடுகளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.